சமரச மேசையில் யார் யார்?

ஓய்வுபெற்ற வக்கீல் தொழில் நினைவுகளை எழுத உட்கார்ந்தால், ஜெயித்த கேஸ்களையும் தோற்ற கேஸ்களையும் தாராளமாகச் சொல்லலாம். தீர்ப்பு பொது ஆவணம். ஏன் எழுதினாய் என்று யாரும் கேட்க முடியாது. சமரசருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு எழுதலாமே என்பார்கள். நம் ஊர்களில் அது பலிக்காது. மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு ரைஸ் மில், சிங்கப்பூரில் இருக்கும் கடைசித் தம்பி என்று எழுதினாலே போதும், அது யார் வீட்டு விவகாரம் என்று தாலுகாவில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டமும் இதை உணர்ந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வுக்காகவும் பயிற்சிக்காகவும் சமரசர் பொதுவான விஷயங்களைப் பகிரலாம். கட்சிக்காரரையோ குறிப்பிட்ட தகராறையோ நேராகவோ சுற்றி வளைத்தோ அடையாளம் காட்டிவிடக் கூடாது என்கிறது அது. ஆகவே இங்கே கதை வராது. சமரச அறையில் வேலை எப்படி நடக்கிறது, அங்கே பேசியது எப்படிக் காக்கப்படுகிறது, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: முதல் நாள் எல்லோரும் கையெழுத்துப் போடும் ரகசியக் காப்பு உறுதிமொழிப் படிவத்தால் ரகசியம் காக்கப்படுவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் வேலை எதுவோ அதை மட்டும் செய்யும்வரைதான் அது நிற்கும். ஒருவர் இன்னொருவர் வேலையில் கை வைத்த நிமிடம் அது போய்விடும்.

இந்த வேலைப் பிரிவினை நம் நாட்டுச் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே குழப்பமாகத்தான் இருந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கை நடுவர் தீர்ப்பு, இணக்கத் தீர்வு, மக்கள் நீதிமன்றம் உள்ளிட்ட நீதிமன்றத் தீர்வு, சமரசம் ஆகிய வழிகளில் ஒன்றுக்கு அனுப்பலாம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2005 ஏப்ரல் 9 அன்று தன் வளாகத்திலேயே சமரச மையத்தைத் திறந்தது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவில் அதுதான் முன்னோடி. ஆனால் 89ஆம் பிரிவை எழுதியவர்கள் நீதிமன்றத் தீர்வுக்கான விளக்கத்தைச் சமரசத்துக்கும், சமரசத்துக்கானதை நீதிமன்றத் தீர்வுக்கும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, இரண்டையும் இடம் மாற்றிப் படிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. எழுத்துப் பிழைதானே என்று விட்டுவிடலாம். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. நீதிபதி செய்வது எது, சமரசர் செய்வது எது என்பதில் சட்டம் எழுதியவர்களுக்கே தெளிவில்லை என்பதற்கு அது சாட்சி. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. வழக்கை வைத்திருக்கும் நீதிபதியே கட்சிக்காரர்களை உட்கார வைத்துப் பேசிப் பார்த்து, பேச்சு முறிந்துவிட்டால், அவர் அந்த வழக்கை மேற்கொண்டு விசாரிக்கக் கூடாது. அத்தகைய வழக்கை முதலிலேயே வேறு நீதிபதிக்கு அனுப்புவது நல்லது என்கிறது. பேச்சில் காதில் விழுந்தது தீர்ப்பில் கலந்துவிட்டது என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்பதுதான் காரணம். நீதிபதியின் நேர்மையில் குறை கண்டு சொன்னதல்ல அது. ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்தால், கேட்டதைக் கேட்காததாக்க எந்த நேர்மையாலும் முடியாது என்பதால் சொன்னது.

சமரசரின் வேலை என்ன? சட்டத்தின் பார்வையில் மிகச் சிறியது. கட்சிக்காரர்கள் தாங்களாக ஒரு முடிவுக்கு வர உதவுவது. ஒருவர் தரப்பை, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும், மற்றவருக்கு எடுத்துச் சொல்வது. முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையதே என்று அழுத்திச் சொல்வது. இதில் ‘சம்மதித்த அளவுக்கு’ என்ற இடத்தில்தான் தொழிலே இருக்கிறது. கூட்டு அமர்வு முடிந்ததும் சமரசர் ஒவ்வொரு தரப்பையும் தனியே அழைத்துப் பேசுவார். உண்மை வெளிவருவது அந்தத் தனி அமர்வில்தான். கோர்ட்டில் பன்னிரண்டு லட்சம் கேட்டிருப்பவர் எட்டுக்கு இறங்கத் தயார் என்று சொல்வதும், வீட்டை விட்டுத் தர மாட்டேன் என்று நிற்பவர் தன் மகள் கல்யாணம் வரைக்கும் அவகாசம் கிடைத்தால் போதும் என்று சொல்வதும் அங்கேதான். பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஐயா, இதை நான் சொன்னதா அங்க சொல்லிடாதீங்க” என்பார்கள். பயிற்சி பெற்ற சமரசர் அதுவரை காத்திருக்க மாட்டார். அமர்வை முடிக்கும் முன் தன் குறிப்பை எடுத்து வரி வரியாகக் கேட்பார்: “இதை அந்தப் பக்கம் சொல்லலாமா? இதை? நீங்க சொன்னதா சொல்லணுமா, இல்ல என் யோசனை மாதிரி கேட்டுப் பார்க்கவா?” சொல்லக் கூடாததைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகு குறிப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். கோர்ட் கட்டில் அது சேரக் கூடாது. வரி வரியாக அனுமதி வாங்கும் இந்தப் பழக்கம் பார்ப்பதற்குச் சடங்கு போல இருக்கும், நேரமும் பிடிக்கும். ஆனாலும் ரகசியத்துக்குச் சொந்தக்காரர் கட்சிக்காரர்தான், சமரசர் அதைச் சுமப்பவர் மட்டுமே என்பது அங்கேதான் நடைமுறையாகிறது. 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கத் தீர்வுச் சட்டத்தின் 70ஆம் பிரிவும் இதே அடிப்படையில் நிற்கிறது: ரகசியமாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தரப்பட்ட தகவலை மறு தரப்புக்குச் சொல்லக் கூடாது.

சமரசருக்கு வரும் பெரிய சபலம், கோர்ட்டுக்கு உதவி செய்யலாம் என்பது. பேச்சு முறிந்துவிட்டது, யார் விட்டுக்கொடுத்தார், யார் பிடிவாதம் பிடித்தார் என்று அவருக்குத் தெரியும். திருப்பி அனுப்பும் அறிக்கையில் இரண்டு வரி சேர்த்துவிட்டால் நீதிபதிக்குப் பயன்படுமே என்று கை துறுதுறுக்கும். இதற்கு உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் மோதி ராம் வழக்கில் முற்றுப்புள்ளி வைத்தது. அந்த வழக்கில் சமரசரின் அறிக்கை உள்ளே நடந்தவற்றைச் சொல்லியிருந்தது. அது தவறு என்றது நீதிமன்றம். உடன்பாடு வந்தால் கையெழுத்தான ஒப்பந்தத்தை மட்டும் அனுப்ப வேண்டும். வராவிட்டால் சமரசம் வெற்றி பெறவில்லை என்ற ஒரே வாக்கியத்தை எழுத வேண்டும். அதற்கு மேல் எதுவும் கூடாது. அமர்வில் சலுகைகளும் எதிர்ச் சலுகைகளும் பல வரும், இரு தரப்பும் கையெழுத்திடும்வரை அவை ஒப்பந்தமாகாது என்பதையும் அத்தீர்ப்பு விளக்கியது. அதை எழுதிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, சென்னையில் சமரச மையம் திறக்கப்பட்ட 2005இல் இங்கே தலைமை நீதிபதியாக இருந்தவர். 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே பின்பற்றி, உடன்பாடு ஏற்படாததற்கான காரணத்தையோ கட்சிக்காரர்கள் நடந்துகொண்ட விதத்தையோ அறிக்கையில் சொல்லக் கூடாது என்கிறது.

இதற்கு நீதிபதிகள் தரப்பில் ஒரு ஆட்சேபம் உண்டு, நியாயமான ஆட்சேபம்தான். சமரசத்துக்கு அனுப்பச் சொல்லி மனுப் போட்டுவிட்டு, அமர்வுக்கு வந்து வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, அதைச் சாக்கிட்டு வழக்கை மாதக்கணக்கில் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். யார் இழுத்தார் என்றே தெரியாவிட்டால் அவர்மேல் செலவுத்தொகை போடுவது எப்படி? இழுத்தடிப்பைத் தடுக்கக் கெடு இருக்கிறது என்பது என் பதில். புதிய சட்டம் சமரசத்துக்கு 120 நாள் தருகிறது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இன்னும் 60 நாள். கெடு முடிந்தால் கட்டு தானாகக் கோர்ட்டுக்குத் திரும்பிவிடும். வந்தாரா வரவில்லையா என்ற வருகைக் கணக்கைப் பார்க்கலாம். அமர்வில் பேசியதற்குள்ளே போய்ப் பார்க்க வேண்டிய தேவையில்லை. சமரசர் நடத்தை மதிப்பெண் போடத் தொடங்கினால், கட்சிக்காரர்கள் எதிர்த் தரப்பிடம் பேசுவதை விட்டுவிட்டு அவர் பேனாவைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள். அப்புறம் அந்த அறையும் இன்னொரு கோர்ட் ஹாலாகிவிடும். அதுதான் ஏற்கெனவே பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறதே.

ரகசியம் அறையைப் பொறுத்ததல்ல, ஆளின் வேலையைப் பொறுத்தது என்பதற்குப் பலமான ஆதாரம் குழந்தைக் காவல் வழக்குகளில் கிடைக்கிறது. பெர்ரி கன்சாக்ரா வழக்கில் பெற்றோரின் தகராறை டெல்லி உயர் நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பியது. அந்த நடைமுறைக்கு இடையே ஒரு மனநல ஆலோசகர் குழந்தையிடம் பேசி அறிக்கை கொடுத்தார். சமரசம் முறிந்தபின் அந்த அறிக்கையைக் கோர்ட் பார்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. உயர் நீதிமன்றம் முதலில் அதை எடுத்துக்கொண்டு, மறுசீராய்வில் ரகசியக் காப்புக்கு விரோதம் என்று சொல்லி விலக்கியது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குழந்தையின் நலன் சம்பந்தப்பட்ட வழக்கில் சாதாரண ரகசிய விதி அப்படியே பொருந்தாது, ஆலோசகரின் அறிக்கையைப் பார்க்கலாம் என்றது. தீர்ப்பைக் குறை சொல்பவர்கள், இனி எந்தத் தாய் தகப்பன் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று கேட்கிறார்கள். ஆலோசகரும் சமரசரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே வேலை செய்பவர்கள் அல்லர். ஆலோசகர் குழந்தையைப் புரிந்துகொண்டு நீதிமன்றத்துக்குச் சொல்ல வந்தவர். சமரசர் யாருக்கும் எதையும் சொல்லாமலிருக்க வந்தவர். தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். வருத்தம் தருவது அதன் பின்னான நடைமுறை. ‘இவங்க எழுதறது ஜட்ஜுக்குப் போகும், நான் எழுதறது போகாது’ என்று முதலிலேயே தனித்தனியாகச் சொல்லி, முடிந்தால் வேறு அறையில் வேறு நாளில் அந்தச் சந்திப்பை வைத்தால் பிரச்சினை இல்லை. ஒரே வளாகம், ஒரே நாள், ஒரே வாய்தா என்று எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட நினைக்கும்போதுதான் வில்லங்கம் வருகிறது.

வக்கீல்களின் பங்கைப் பற்றி எழுதுவது கொஞ்சம் சங்கடமான காரியம், பெரும்பாலான சமரசர்கள் வக்கீல்களே என்பதால். கோர்ட்டில் கட்சிக்காரர் பின்னால் நிற்பார், வக்கீல் முன்னால் நின்று பேசுவார். சமரச அறையில் இது தலைகீழ். கட்சிக்காரர்தான் சமரசருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வக்கீல் அவருக்கு அடுத்த நாற்காலியில். பேசுவது கட்சிக்காரர், சட்டப்படி இது உமக்கு லாபமா நஷ்டமா, கேஸ் நடந்தால் என்ன ஆகும் என்று காதோடு சொல்வது வக்கீல். இதைப் பழகிக்கொண்ட வக்கீல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழகாதவர் மனுவில் உள்ளதையே திரும்ப வாசிப்பார், எதிர்த் தரப்பைக் குறுக்கு விசாரணை செய்வார், “அப்போ வாங்கினதை ஒத்துக்கறீங்க, இல்ல?” என்று கேட்டுவிட்டு ஜூனியரைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைக் கண்டதுமே எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். ஒப்புக்கொண்டதை ஆதாரமாக எந்தக் கோர்ட்டிலும் காட்ட முடியாது என்று சட்டம் எத்தனை தடவை சொன்னாலும் அதற்குப் பிறகு பிரயோஜனமில்லை.

இந்த இடத்தில்தான் ரகசியக் காப்பின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் மிக வலுவானது வருகிறது. சொன்ன வார்த்தையைச் சாட்சியமாக்க முடியாது, சரி. அறிந்துகொண்ட விஷயத்தை மறக்க வைக்க முடியுமா? எதிர்த் தரப்பிடம் அசல் பத்திரம் இல்லை என்று அமர்வில் தெரிந்துகொண்ட வக்கீல், மறுநாளே அசலைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி மனுப் போடுவார். அதில் சமரசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. சட்டம் அங்கே கை கட்டி நிற்கும். இந்தக் குற்றச்சாட்டு முழுக்க உண்மை. இதை மறுக்கும் சமரசர் தொழிலைச் சரியாகப் பார்க்காதவர். சட்டம் காப்பது அமர்வுக்காக மட்டும் தயாரித்த ஆவணங்களையும், அங்கே சொன்ன கருத்து, யோசனை, வாக்குறுதி, மன்னிப்பு, ஒப்புதல் ஆகியவற்றையும்தான். ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் கிரயப் பத்திரம், வங்கிக் கணக்கு, வில்லங்கச் சான்று ஆகியவை சமரச மேசையில் வைக்கப்பட்டதாலேயே ரகசியமாகிவிடாது. அப்படி ஆகிவிட்டால் வேண்டாத ஆதாரத்தையெல்லாம் ஒருவர் இங்கே கொண்டுவந்து காட்டி, கோர்ட்டில் செல்லாததாக்கிவிடலாம். ஆகவே சட்டம் போட்டிருக்கும் கோடு சரியான கோடு. கோட்டுக்கு வெளியே இருப்பதைக் காப்பது சமரசரின் கைத்திறன்: எதைக் கூட்டு அமர்வில் பேச விடுவது, எதைத் தனி அமர்வுக்குத் தள்ளுவது, எந்த இடத்தில் “அதை அப்புறம் தனியாப் பேசிக்கலாம்” என்று குறுக்கிடுவது. உச்ச நீதிமன்றக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சியில் இதைச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் இது பாடமாக வருவதைவிடப் பழக்கமாகத்தான் வரும்.

கூட வருபவர்கள் விஷயத்துக்கு வருவோம். நம் வழக்குகளில் கட்சிக்காரர் தனியாக வருவது அபூர்வம். குடும்ப வழக்கென்றால் தாய்மாமன், சித்தப்பா, அக்கா வீட்டுக்காரர். பாகப்பிரிவினையென்றால் ஊர்ப் பெரியவர் ஒருவர். இவர்களை வெளியே நிறுத்தினால் ஒப்பந்தம் கையெழுத்தாகாது. உள்ளே விட்டால் பேசியது ஊருக்குப் போகும். சட்டம் இவர்களைப் பங்கேற்பாளர்கள் என்ற தலைப்பில் வக்கீல்கள், ஆலோசகர்கள், வல்லுநர்கள், பார்வையாளர்களோடு சேர்த்து ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக்கியிருக்கிறது. கட்டுப்பட்டவர்தான், ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று ரகசியத்தைப் பற்றிய பிரிவு சொல்லவில்லை. வெளியே கொண்டுபோனதைக் கோர்ட் ஏற்காது என்கிறது, அவ்வளவுதான். டீக்கடையில் பேசுவதைக் கோர்ட் ஏற்றால் என்ன, ஏற்காவிட்டால் என்ன? ஆகவே மாமாவிடம் படிவத்தை நீட்டுவதற்கு முன், நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. தைரியம் சொல்ல வந்தாரா, கணக்குத் தெரிந்தவரா, பணம் கொடுக்கப் போகிறவர் அவர்தானா? பணம் கொடுப்பவர் என்றால் அவர் இல்லாமல் பேசிப் பயனில்லை. தைரியத்துக்கு வந்தவர் கூட்டு அமர்வில் இருந்துவிட்டுத் தனி அமர்வின்போது வெளியே காத்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர், மைய ஊழியர், பயிற்சிக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் இதே கேள்விதான். செல்போன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் நேரிலும் கூடாது, ஆன்லைனிலும் கூடாது என்று புதிய சட்டத்தில் நேராகவே எழுதியிருக்கிறார்கள்.

மூடிய அறையில் பேசி முடிப்பதற்கும் கட்டப் பஞ்சாயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பொதுமக்களில் சிலர் கேட்கிறார்கள். நடுவில் இருப்பவருக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் வித்தியாசம். கட்டப் பஞ்சாயத்தில் நாற்காலியில் இருப்பவர் சொன்னது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் ஆள் வரும். சமரசர் எதையும் சொல்லித் திணிக்க முடியாது, முடித்துத் தருகிறேன் என்று உத்தரவாதமும் தரக் கூடாது. எழுந்து போகிறேன் என்பவரை உட்காரச் சொல்லக்கூட அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கேள்வியின் அடியில் இருக்கும் பயம் நியாயமானது. மூடிய கதவு பலசாலிக்கு வசதி. மனைவியை அடித்தவன் அதை ‘ரகசியம்’ ஆக்கிக்கொள்ள முடியுமா? முடியாது. குற்றம் செய்யத் திட்டமிடுவதாகச் சொல்லும் பேச்சு அல்லது மிரட்டல், குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை, பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்தைக் காட்டும் வாக்கு இவற்றுக்கு ரகசியக் காப்பு இல்லை என்கிறது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. சமரசரின் மேலேயே தொழில் ஒழுங்கீனப் புகார் வந்தால் அதை நிரூபிக்கவும் மறுக்கவும் தேவையானது வெளிவரலாம். ஆஃப்கான்ஸ் தீர்ப்பும் பொதுநலம் அடங்கிய பிரதிநிதித்துவ வழக்கு, தேர்தல் வழக்கு, மோசடி, போலி ஆவணம் பற்றிய கடுமையான குற்றச்சாட்டுகள், மைனருக்கும் கோயில் மூர்த்திக்கும் எதிரான உரிமைகோரல்கள் இவற்றை இந்த மேசைக்கே பொதுவாக அனுப்பக் கூடாது என்றது. எங்கள் தொழிலில் உள்ள குறை வேறு இடத்தில் இருக்கிறது. தொடக்க உரையில் பலர் “இங்க பேசற எதுவும் வெளிய போகாது, நம்பிப் பேசுங்க” என்று அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விதிவிலக்குகளைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைப்பு. பயப்பட வேண்டியவர் பயப்படட்டுமே! போகாதது எது, போகக்கூடியது எது என்று இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் இரண்டு பக்கம் இழுக்கிறது. கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2011இல் காசல் வழக்கில், சமரசத்தின்போது தன் சொந்த வக்கீல்களே தன்னை நெருக்கி 12.5 லட்சம் டாலருக்குச் சம்மதிக்க வைத்தார்கள் என்று வழக்குப் போட்ட கட்சிக்காரர், வக்கீலோடு அந்த நேரத்தில் பேசியதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. பலத்த விமரிசனத்துக்குப் பிறகும் அந்த மாநிலம் ரகசியத்தைத் தளர்த்தவில்லை. 2019 முதல், இந்த விளைவைக் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற கடமையை மட்டும் வக்கீல்கள் மேல் வைத்தது. இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது. 2009இல் ஃபார்ம் அசிஸ்ட் வழக்கில், பொருளாதார நெருக்கடி கொடுத்துச் சம்மதிக்க வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டை விசாரிக்க, சமரசரையே சாட்சிக்கு அழைக்கலாம் என்றது. இரு தரப்பும் ரகசியத்தை விட்டுக்கொடுத்த பின்னும் சமரசருக்கென்று தனியாக ஒரு ரகசிய உரிமை உண்டு, ஆனால் நீதியின் நலன் அதைவிடப் பெரியது என்பது அங்கே சொன்ன காரணம். நம் சட்டம் கலிஃபோர்னியா பக்கம்தான் சாய்கிறது: சமரசரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது, அவரே விரும்பினாலும் அனுமதிக்கக் கூடாது. இது எனக்குச் சம்மதமே. ஆனால் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேட்க நம் சட்டம் தந்திருக்கும் காரணங்கள் மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்குத் தகாத தகராறு ஆகிய நான்குதான். மிரட்டிக் கையெழுத்து வாங்கியது தனியாக அதில் இல்லை. சமரசரும் வாய் திறக்கக் கூடாது, வற்புறுத்தலும் காரணமாகாது என்றால் எளியவருக்குப் போக்கிடம் குறைவு. நாடாளுமன்றம் இதைத் திருத்தும்வரை, கையெழுத்துக்கு முன் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஒப்பந்தத்தைத் தாய்மொழியில் வாசித்துக் காட்டி, “மனசாரத்தான் போடறீங்களா?” என்று கேட்பது சமரசரின் கடமையாகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் ரகசியத்தின் கதை வேறு. அதைப் பதிவு செய்யவோ, நிறைவேற்றவோ, எதிர்க்கவோ வேண்டிய அளவுக்கு வெளியே காட்டலாம். கோர்ட் வழக்கென்றால் அதுவே டிக்ரியின் பகுதியாகிப் பொதுக் கட்டில் சேர்கிறது. ஜீவனாம்சத் தொகை பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது பெரும்பாலும் கடைசி நேர அதிர்ச்சி. ஆகவே எழுதும்போதே யார், எப்போது, எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று மட்டும் எழுத வேண்டும். யார்மேல் தப்பு, யார் மன்னிப்புக் கேட்டார் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் இடமில்லை. கேட்ட மன்னிப்பு அந்த அறையிலேயே இருக்கட்டும்.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பிரிவுகள் மட்டும் அந்த ஆண்டு அக்டோபர் 9 அன்று நடைமுறைக்கு வந்தன. ரகசியத்தைப் பற்றிய 22, 23 ஆகிய பிரிவுகள் அந்த முதல் பட்டியலில் இல்லை. அதனால் காப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். இணக்கத் தீர்வுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75, 81 பிரிவுகள் உண்டு. கோர்ட் அனுப்பும் சமரசத்துக்கு மோதி ராம் தீர்ப்பு உண்டு. சாட்சியமாகக் காட்டுவதில்லை என்ற நிபந்தனையில் பேசிய ஒப்புதலுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் உண்டு. இத்தனை இருந்தும், பதில் மனுக்களில் ‘சமரச மையத்தில் மனுதாரர் இவ்வளவு தர ஒப்புக்கொண்டார்’ என்ற வரி இன்றும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. சக வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்சிக்காரர் அப்படி எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எதிர்த் தரப்பு எழுதியிருந்தால், அதற்குப் பதில் எழுதி அந்தப் பேச்சைக் கோர்ட் கட்டில் இன்னும் வளர்க்காதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6 விதி 16இன் கீழ் அந்த வரியை நீக்கச் சொல்லி மனுப் போடுங்கள்.